பதினைந்து ஓட்டை, பதினெட்டுத் தோட்டா

அத்தியாயம் 9

மூன்றாவது தாளும் வந்து சேர்ந்தது. அதிலும் ஐந்து ஓட்டைகள், நடுப்புள்ளியில், நெருக்கியடித்துக்கொண்டு. ஒரு சின்னக் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் ஐந்தும் உள்ளே போய்விடும்.

எஞ்சினியர் வுக்சான் அளந்தார், எழுதினார், பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடிய சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

“துப்பாக்கியில ஒரு குறையும் இல்ல மேடம். ரெண்டாவது சோதனை வேணும்னு கேட்டீங்க, கோர்ட்டு கொடுத்துச்சு. போன தடவையைவிட இப்ப இன்னும் நல்லா சுட்டிருக்கு. நான் இதுக்கு மேல என்ன எழுத முடியும்?”

தெசங்கா மேடம் கோட்டுப் பையிலிருந்து ஒரு சூரியகாந்தி விதையை எடுத்துக் கடித்தார். மேடம் ஒரு விதை கடித்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். தொடர்ந்து கடித்தால் யோசனை ஒன்றும் ஓடவில்லை என்று அர்த்தம். அன்று காலையிலிருந்து அரைப் பை காலி.

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் புதிமிர் கோசானிச் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த மூன்று தாள்களும் சேர்ந்து அவருடைய மகளைக் கொலைகாரி ஆக்கிக்கொண்டிருந்தன.

விஷயம் இதுதான். ஐந்து வாரத்துக்கு முன்னால் எங்கள் காமென்பிரோத் நகரத்து மருந்துக்கடை வாசலில் ஸ்ரெதென் என்ற குடிகாரன், கடைக்காரன் பவ்லேயின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு நின்றான். எதிர்மாடியில் போலீஸின் குறிபார்த்துச் சுடும் பிரிவைச் சேர்ந்த நெவெனா படுத்திருந்தாள். நடுவில் நூறு மீட்டர். உத்தரவு வந்தது, சுட்டாள். ஸ்ரெதெனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. செத்தது பவ்லே.

கை தவறிவிட்டது, பாவம் என்று ஊர் அழுதுவிட்டு விட்டிருக்கும். ஆனால் பவ்லே நெவெனாவின் முன்னாள் கணவன். விவாகரத்துத் தீர்ப்பன்று கோர்ட்டு வாசலில் ஐம்பது பேர் காதில் விழ, “என் துப்பாக்கி முன்னாடி மட்டும் என்னிக்கும் வந்துடாத” என்று அவனிடம் சொன்னவள் அவள். அரசு வழக்கறிஞருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? துப்பாக்கி பழுதென்றால் விபத்து, துப்பாக்கி சரியென்றால் கொலை. திங்கட்கிழமை குற்றப்பத்திரிகை. அன்று சனி.

அவள் தரப்புக்காகத் துப்பறிய எங்களை அமர்த்தியது நெவெனாவின் அப்பா புதிமிர். அந்தத் துப்பாக்கி பிறந்த தொழிற்சாலையிலேயே, இதே சுடுதளத்தில், முப்பத்தெட்டு வருஷம் சோதனை மாஸ்டராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். வந்த அன்று அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். கண்டுபிடிப்பது எதுவானாலும் மறைக்கக் கூடாது, யாரைப் பற்றியானாலும் மறைக்கக் கூடாது. மகள் குற்றவாளி என்றாலும் தன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றார். மேடம் கை கொடுத்தார். நான் அப்போதே வேறு வேலை பார்த்திருக்கலாம். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன், நிம்மதியாக இருந்தேன்.

மகளோ சிறையில் எங்களிடம் மொத்தமே இரண்டு வாக்கியம்தான் பேசினாள். “துப்பாக்கியில ஒண்ணும் இல்ல மேடம். எங்கப்பாவை இதுல இழுக்காதீங்க.” அதன் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வெளியே வந்ததும் நான் மேடத்திடம், இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை என்றேன். மேடம் என்னை டயர் பஞ்சரான வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இதுதான் நிலவரம். சுடுதளத்துக்குத் திரும்புவோம்.

நவம்பர் குளிர். ஆத்மாக்களின் சனிக்கிழமை என்பதால் தொழிற்சாலைக்கு விடுமுறை. ஊரே வேகவைத்த கோதுமையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போயிருந்தது. அந்தத் தகரக் கொட்டகைக்குள் நாங்கள் ஐந்து பேர்தான். மேடம், நான், கோர்ட்டு அனுப்பிய நிபுணர் வுக்சான், இப்போதைய சோதனையாளர் ரன்கோ, எதையும் தொடக் கூடாது என்று பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்ட புதிமிர். ஒரு மின்கணப்பு இருந்தது. அதற்கு உயிர் இருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

துப்பாக்கியை யாரும் தோளில் வைத்துச் சுடவில்லை. தரையில் பதித்த இரும்புப் பிடியில் அதை இறுக்கிவிட்டிருந்தார்கள். கை நடுக்கம், கண் மங்கல், மனசாட்சி எதுவும் குறுக்கே வராது. ரன்கோ செய்ததெல்லாம் ஒன்றுதான். தோட்டா ஏற்றுவான், சிலுவை போட்டுக்கொள்வான், ஒரு வேட்டு. பிறகு பொத்தானை அழுத்துவான், நூறு மீட்டருக்கு அப்பால் தாள் எழுந்து நிற்கும், ஐந்து வேட்டு. அரைமணி ஆறவிட்டு மறுபடியும் அதே. மூன்று தடவை.

அந்த இடைவெளிகளில் புதிமிர் தன் பையிலிருந்து ரக்கியா என்ற பழச்சாராய பாட்டிலை எடுத்து, கையெழுத்துப் போடும் கை நடுங்கக் கூடாது என்று மறுத்த வுக்சானைத் தவிர மற்றவர்களுக்கு ஊற்றினார். மேடம் குடிப்பதில்லை. அவர் பங்கையும் நானே பொறுப்பேற்றேன். உதவியாளன் என்றால் எல்லாவற்றிலும் உதவ வேண்டும்.

வுக்சான் பேனாவை மூடிய பிறகு பாக்கி இருந்தது ஒரே சடங்கு. தரையில் சிதறிக்கிடந்த காலித் தோட்டாக் குப்பிகளைத் தற்காப்புத் தரப்பில் ஒருவர் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். மேடத்துக்கு முழங்கால் வலி. ஆகவே தற்காப்புத் தரப்பு மேசைக்கடியில் நாலு காலில் தவழ்ந்தது.

“பதினெட்டு,” என்றேன்.

வுக்சான் பதினைந்து என்றார். மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினேன். பதினெட்டு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“டாக்சி மீட்டர்ல வேணா கூட்டிச் சொல்லியிருக்கேன் சார். இதைக் கூட்டிச் சொல்லி எனக்கு என்ன வரப்போவுது?”

மேடம் எழுந்து வந்து தோட்டாப் பெட்டியைத் திறந்தார். கோர்ட்டு முத்திரை வைத்த ஒரே பெட்டி, இருபது தோட்டா. நெவெனா அன்று சுட்ட அதே தயாரிப்பில் எங்கும் மிச்சமிருந்தது அவ்வளவுதான். இப்போது பெட்டிக்குள் இரண்டு இருந்தன.

“இருபதுல பதினெட்டு போயிருக்கு. தாள்ல பதினைஞ்சு ஓட்டைதான் இருக்கு,” என்றார் மேடம். “மூணு எங்க?”

ரன்கோ குனிந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயது, நல்ல மனுஷன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவன். தலை தூக்காமலே சொன்னான்.

“அது செத்தவங்களுக்கு.”

வுக்சான், ஆமாம், அது ஒன்று இருக்கிறதே என்பதுபோல் தலையாட்டினார். புதிமிரும் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். காலையிலிருந்து நான்கு கோப்பை ரக்கியா குடித்திருந்தேன், நான்கு தடவையும் முதல் சொட்டைத் தரையில் சிந்திவிட்டுத்தான் வாயில் வைத்தேன். என் அப்பா அப்படித்தான் செய்வார். இந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். இறந்தவர்களுக்குக் கொடுக்காமல் எதையும் தொடங்குவதில்லை. அங்கே இருந்த நான்கு ஆண்களில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

மேடம் வடக்கே சுபோடிட்சாக்காரர். கல்லறைக்குப் பூ கொண்டுபோவார், எதையும் சிந்த மாட்டார். அவர் வாயிலிருந்த விதையைத் துப்பினார்.

“ரன்கோ, எனக்குக் கொஞ்சம் விளக்கமா சொல்லுப்பா. முதல் குண்டை எங்க சுடுவீங்க?”

“தாள் எழும்பறதுக்கு முன்னாடி, சும்மா மண்மேட்டுல. குழாய்ல எண்ணெய் ஒட்டியிருக்கும், அதுவும் போயிடும். அவங்களுக்கும் கொடுத்த மாதிரி ஆச்சு.”

“அது எங்க படுதுன்னு பாப்பீங்களா?”

ரன்கோ முதல்முறையாகச் சிரித்தான். “செத்தவங்களுக்குக் கொடுத்ததை யாரு மேடம் அளந்து பாப்பாங்க?”

போன மாதச் சோதனையிலும் இப்படித்தானா என்று மேடம் கேட்டார். எப்போதும் இப்படித்தான் என்றான். போலீஸ் பிரிவு வியாழக்கிழமைகளில் இங்கேதான் பயிற்சிக்கு வரும், அவர்களும் முதல் குண்டைக் கொடுத்துவிட்டுத்தான் தாளைத் தூக்குவார்கள் என்றான். வுக்சான் தன் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். அதிலும் ‘பதிவுக்குரிய வேட்டுகள்’ என்றுதான் அச்சடித்திருந்தது. பதிவுக்கு உரியதல்லாததைப் பற்றி அதில் ஒரு கட்டமும் இல்லை.

“எஞ்சினியர்,” என்றார் மேடம், “அன்னிக்கு மருந்துக்கடை எதிர்ல நெவெனா எத்தனை குண்டு சுட்டா?”

“ஒண்ணு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

நான் மேசைக்கடியிலிருந்து எழுந்தேன், தலையில் இடித்துக்கொண்டேன், வலிக்கவில்லை. ரன்கோவின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மேடம் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். முதல் தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா? அவன் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னான்.

“பழைய துப்பாக்கியில கிடையாது. அதுல எல்லாத் தோட்டாவையும் நாமதான் கையால தள்ளணும். இது செமி ஆட்டோமேட்டிக். முதல் தோட்டாவை மட்டும் கையால ஏத்துவோம், அது மெதுவா போய் உக்காரும். மத்ததையெல்லாம் துப்பாக்கியே அறைஞ்சு உக்கார வைக்கும். ஒரு விரல் அகலம் தள்ளிப் போகலாம். எல்லாத் துப்பாக்கியும் அப்படித்தான்.”

“இந்தத் துப்பாக்கி?”

“தெரியாது,” என்றான் ரன்கோ.

இத்தனை வருஷச் சுடுதளத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் பார்த்ததில்லை.

இரண்டு தோட்டா பாக்கி. துப்பாக்கி நன்றாக ஆறட்டும் என்று முக்கால் மணிநேரம் காத்திருந்தோம். புதிமிர் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் இன்னொரு ரக்கியாவுக்குக் கை நீட்டினேன், மேடம் பாட்டிலை எடுத்துத் தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

பிறகு ரன்கோ துப்பாக்கியருகே போனான். ஒரு தோட்டாவைக் கையால் ஏற்றினான், சிலுவை போட்டுக்கொண்டான். கை பழக்கத்தில் நேரே விசைக்குப் போயிற்று.

“தாள்,” என்றார் மேடம்.

அவன் பொத்தானை அழுத்தினான். தாள் எழுந்தது. சுட்டான்.

வுக்சான் டெலஸ்கோப்பில் பார்த்தார், கண்ணை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். தாளை வரவழைத்தோம். நடுப்புள்ளி கன்னி கழியாமல் இருந்தது. ஓட்டை அதற்கு வலப்பக்கம், நாலு விரல் தள்ளி.

நெவெனா படுத்திருந்த மாடியிலிருந்து பார்த்தால் ஸ்ரெதெனின் பாதி முகத்தை மறைத்தபடி, அதை ஒட்டி வலப்பக்கம்தான் பவ்லேயின் தலை. போலீஸ் வரைபடத்தில் அது இருக்கிறது. எனக்கு நினைவுபடுத்த யாரும் தேவைப்படவில்லை, மற்றவர்களுக்கும்தான்.

ஒன்று தற்செயலாக இருக்கலாம் என்றார் வுக்சான். நியாயமான மனுஷன், குரலில் இறுக்கம் குறைந்திருந்தது. மறுபடி முக்கால் மணிநேரம். அந்த நேரத்தில் மேடம் ஒரு விதைகூடக் கடிக்கவில்லை. கடைசித் தோட்டாவை ரன்கோ ஏற்றினான், தாளைத் தூக்கினான், சுட்டான். இரண்டாவது ஓட்டை முதல் ஓட்டைக்கு அரை விரல் பக்கத்தில் விழுந்தது.

நான் புதிமிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “முடிஞ்சுதுய்யா, உங்க பொண்ணு வீட்டுக்கு வரப்போறா” என்றேன். அவர் உடம்பு என் கைக்குள் ஒரு மூட்டைபோல இருந்தது. திருப்பிக் கட்டிக்கொள்ளவில்லை. சந்தோஷத்தில் மனுஷனுக்கு வாயடைத்துவிட்டது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

“ஒப்ராட், அவரை விடு,” என்றார் மேடம்.

வுக்சான் எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அந்த மனுஷர் பேசத் தொடங்கியபோது எங்களுக்கு நல்லது செய்யத்தான் பேசினார், அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருந்தது.

“நான் பாத்ததை எழுதிடறேன். ஆனா திங்கக்கிழமை அங்க என்ன கேப்பாங்கன்னு இப்பவே தெரிஞ்சுக்கோங்க. போன சோதனைக்கு அப்புறம் இந்தத் துப்பாக்கி மூணு வாரம் எங்க இருந்துச்சு? இதே தொழிற்சாலையோட இரும்பு அலமாரியில. சாவி யார்கிட்ட? ரன்கோகிட்ட. ரன்கோ யாரு? பதினஞ்சு வருஷம் புதிமிரோட ஆளு. பொண்ணைக் காப்பாத்த அப்பனும் அப்பனோட ஆளும் சேர்ந்து துப்பாக்கியைக் கெடுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. அவளும் தப்பிக்க மாட்டா, நீங்க ரெண்டு பேரும் கூட உள்ள போவீங்க.”

“நான் அதைத் தொடல சார்,” என்றான் ரன்கோ.

“நான் நம்பறேன். வழக்கறிஞர் நம்பணுமே. இந்த ரெண்டு ஓட்டையும் இன்னிக்குத் துப்பாக்கி எப்படி இருக்குன்னுதான் சொல்லுது. அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லல. இது புதுசா இருந்தப்ப முதல் குண்டு எங்க போச்சு? அதைக் கண்ணால பாத்தவன் ஒருத்தன் வேணும்.”

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கையில் இருந்த வெற்றி எங்கே போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. செத்தவர்களுக்குக் கொடுத்ததை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? பார்க்காமல் இருப்பதுதானே அதன் மரியாதை. ஆட்டம் முடிந்தது என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் சுவரோரத்து அலமாரியிலிருந்து தடித்த பதிவேட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். திறக்கவில்லை. பின்பெஞ்சைப் பார்த்துக் கேட்டார், வழக்கமான குரலில்.

“இருநூத்திப் பதினாலாம் நம்பர் துப்பாக்கி. இதைப் புதுசுல சோதனை பண்ணது யாரு?”

“நான்தான்,” என்றான் ரன்கோ, கேள்வி முடிவதற்குள்.

“பொய் சொல்லாத ரன்கோ,” என்றார் புதிமிர். “உனக்குப் புள்ளைங்க இருக்கு.”

“மாஸ்டர், வேணாம்.”

“போதும்டா.”

கிழவர் எழுந்து வந்தார். எதையும் தொடக் கூடாது என்ற உத்தரவை மீறாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாளிலிருந்த இரண்டு ஓட்டைகளையும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவர் சொன்னதை வுக்சான் அப்படியே எழுதிக்கொண்டார். முதல் குண்டைக் கொடுத்துவிடும் பழக்கம் அவருக்கும் முந்தியது. பழைய துப்பாக்கிகளின் காலத்தில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. செமி ஆட்டோமேட்டிக் வந்தபோது சோதனை விதிகளைப் புதிதாக எழுதியது அவர்தான். முதல் வேட்டு பதிவுக்கு உரியதல்ல என்று கையால் எழுதி, கையெழுத்தும் போட்டார். தலைநகரத்திலிருந்து வந்த ஒரு எஞ்சினியர் ஏன் என்று கேட்டபோது, உங்கள் வீட்டில் யாரும் சாகவில்லையா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். அந்த எஞ்சினியர் முகம் சிவந்து போனது இன்னும் நினைவிருக்கிறதாம்.

“இதெல்லாம் வழக்கம், மாஸ்டர்,” என்றார் வுக்சான். “எனக்கு வேண்டியது இந்தத் துப்பாக்கி. நீங்க பாத்தீங்களா இல்லையா?”

“தாள் நிக்கிற இடத்துக்குப் பின்னால மண்மேட்டுல ஒரு ஓக் கட்டை இருக்கு. தாள் இல்லாதப்ப சுட்டா குண்டு அந்தக் கட்டையில போய் அடிக்கும். டொக்குனு கேக்கும். முப்பத்தெட்டு வருஷமா அந்தச் சத்தம்தான் எனக்குக் காலை மணி. இதைச் சுட்டப்ப அந்தச் சத்தம் வரல. கட்டைக்கு வலது பக்கத்துல மண்ணு பறந்துச்சு. பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“தாளைத் தூக்கினேன். அடுத்த அஞ்சும் ஒரே ஓட்டையில போச்சு. அந்த வருஷம் நான் சுட்ட இருநூத்திச் சொச்சத்துல இது மாதிரி ஒண்ணு கிடையாது. அதனாலதான் இதை எடுத்து வெச்சு, எம் பொண்ணோட பிரிவுக்குக் கேட்டு எழுதினேன். இதை அவ கையில கொடுங்கன்னு, பேரைப் போட்டு எழுதினேன்.”

சிறையில் அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. குறி சரியாக வைத்தவளுக்குத் தன் குண்டு எங்கே போனது என்று தெரியாமலா இருக்கும்? இருட்டறையில் ஐந்து வாரம் உட்கார்ந்து அவள் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறாள். விடை அப்பாவின் பெயரில் வந்ததும் கொலைகாரி என்ற பெயரைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளை நான் எப்படியெல்லாம் நினைத்தேன் என்பதை எண்ணினால் எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது.

வுக்சான் எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பி வைத்தார். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொன்னார், அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இந்தக் காகிதம் மேலே போனால் வழக்கு நெவெனாவை விட்டுவிட்டு இவர்மேல் திரும்பும். மண் பறந்ததைப் பார்த்தும் துப்பாக்கியை நல்லதென்று முத்திரை குத்தி அனுப்பியவர். பவ்லேயின் அம்மா சும்மா இருக்க மாட்டாள், இருக்கவும் கூடாது. இந்த வயதில் எத்தனை வருஷம் கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. ஞாபகம் இல்லை என்று இப்போது சொன்னாலும் தான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

“பவ்லே என்னை மாமான்னுதான் கூப்பிடுவான்,” என்றார் புதிமிர். “விவாகரத்துக்கு அப்புறமும். எனக்கு மாத்திரையெல்லாம் அவன்தான் எடுத்து வெப்பான். இன்னிக்கு அவன் அம்மா கல்லறையில நிக்கறா. பேனாவைக் குடுங்க.”

ரன்கோ வெளியே போய்விட்டான். கதவுக்கு அப்பால் அவன் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

புதிமிர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். தன் பெயரை ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதினார். தேதியும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளிடம் போனில் பேச முடியுமா என்று கேட்டார். திங்கட்கிழமைக்கு முன்னால் உறவினர் யாரும் பேச முடியாது, அதிலும் இப்போது அவர் சாட்சி என்றார் வுக்சான், தலையைக் குனிந்துகொண்டு.

நாங்கள் போகலாம் என்றார் மேடம். வக்கீல் தரப்புக்கு அனுமதி உண்டு, மூன்று மணிவரை. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மகளுக்கு என்ன சொல்லட்டும் என்று கிழவரைக் கேட்டார். மன்னிப்புக் கேட்கச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன்.

புதிமிர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“போலீஸ்ல சேந்த புதுசுல, முதல் தடவை இங்க சுட வந்தப்ப அவ கேட்டா. அப்பா, முதல் குண்டை ஏன் நாம கணக்குல எடுக்கறதில்லன்னு கேட்டா. எல்லார் முன்னாடியும் கேட்டா. வாயை மூடுடின்னேன்.” அவர் குரல் உடையவில்லை, கொஞ்சம் தாழ்ந்தது. “அன்னிலேருந்து மூடிக்கிட்டுதான் இருக்கா. இனிமே பேசலாம்னு சொல்லுங்க.”